இல்லாத பெருவிரல்

எங்கள் ஊரில் உண்மையான பொருளுக்கு இரண்டே சொற்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று அசல், இன்னொன்று ஒரிஜினல். உண்மையில்லாததற்கு எத்தனை சொற்கள் என்று என்னைக் கேட்டால், சொல்லி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் போதாது. பட்டுப் புடவையின் ஜரிகையைச் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கும் ஓர் இடத்தில் எனக்கு வேலை. பத்து வருடத்துக்கு மேலாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். புடவையை மடித்து மெஷினின் கண்ணாடி மேல் வைத்து மூடியைச் சாத்தினால், தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். ஓர் இழையைக்கூடப் பிய்க்க வேண்டாம். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தொடாமலே உள்ளே இருப்பதைச் சொல்கிறதே என்று அன்று சாயங்காலம் வரைக்கும் அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு வருகிறவர்கள் யாரும் ‘போலி’ என்று சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல் கடைகளின் போர்டில் மட்டும்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து காரில் வரும் அம்மாக்கள் குரலைத் தாழ்த்தி, “இமிட்டேஷனா மேடம்?” என்பார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் தாழ்த்த மாட்டார்கள்; கூடம் முழுக்கக் கேட்கும்படி “டூப்ளிகேட்டா?” என்பார்கள். கடைக்காரர்கள் தங்கள் சரக்கைப் பற்றிப் பேசும்போது ‘ஃபேன்ஸி’ என்றும் ‘ஆஃப் ஃபைன்’ என்றும் நெளிவார்கள். அதே சரக்கு பக்கத்துக் கடையில் இருந்தால் அது டுபாக்கூர். எங்கள் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா ‘தொங்க ஜரிகை’ என்பார். தொங்க என்றால் திருடன். ஜரிகை என்ன திருடியது என்று கேட்டால், “நம்ம நம்பிக்கையத்தான்மா” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். நகைக்குக் கவரிங், தலைக்கு டோப்பா, பேச்சுக்குப் பீலா, அழுகைக்கு நடிப்பு. திருமுக்கூடல் பக்கத்திலிருந்து நிலத்து வேலையை விட்டுவிட்டு ஒருநாள் மெனக்கெட்டு வந்த ஒரு பெரியவர் என் சீட்டை வாங்கிக்கொண்டு, “நெஜமாவே நெஜமாம்மா?” என்று மூன்று தரம் கேட்டார். அவருக்கு ஒரு ‘நெஜம்’ போதவில்லை.

இத்தனை வார்த்தை பழகிய வாயில் ஒருநாள் ஒரு வார்த்தை தப்பான ஆளைப் பார்த்து வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மேளம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. முன்னறையில் தறி, தரையில் வெட்டிய குழி. குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அடியிலிருக்கும் இரண்டு மிதிப்பலகைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒரு மிதிக்கு, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் பாதி மேலே எழும்பும், மறு மிதிக்கு மறுபாதி. நடுவில் ஊடு நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடும். அவர் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம், நெய்ய நெய்யவே இரண்டையும் கோத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்டர் நாடாவைப் போடுவாள்.

மனுஷனுக்கு ஒரே ஒரு வீம்பு. டூப்ளிகேட் சாமான் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. அசல் ஜரிகைக்குள் சிவப்புப் பட்டு நூல் இருக்கும். எந்த ஜரிகையைக் கண்டாலும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி அந்தச் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பார். இப்போதெல்லாம் டூப்ளிகேட்காரனும் உள்ளே சிவப்பு வைத்துவிடுகிறான், அதற்குத்தானே எங்கள் மெஷின் என்று நான் சொன்னால், “மெஷினுக்கு நகம் கீதா?” என்பார். நூலென்றால் நுனியைக் கொளுத்தி மோந்து பார்ப்பார். மயிர் தீய்ந்த நாற்றம் வந்தால் பட்டு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று கொடியில் காய்ந்த என் புடவையின் முந்தானையைப் போகிற போக்கில் சுரண்டிவிட்டுப் போனவர் இவர். அதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். அப்படியும் சம்மதித்தேன்.

பல வருடமாக அவருக்குச் சுகர். பாதத்தில் உணர்ச்சி கொஞ்சங்கொஞ்சமாகப் போய்விட்டது. போன வைகாசியில் மாம்பழ நிற உடலும் அரக்கு பார்டருமாக ஒரு கல்யாணப் புடவை தறியில் இருந்தது. மிதிப்பலகையில் ஓர் ஆணி எழும்பி நின்றிருக்கிறது. வலது உள்ளங்காலில் அது ஏறிவிட்டது. இவருக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க மிதித்திருக்கிறார். சாயங்காலம் எழுந்திருக்கும்போது குழியின் தரையில் சிவப்பாக எதையோ பார்த்திருக்கிறார். பார்டர் நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, ஒழுகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சாயக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். தன் ரத்தத்தை அரக்குச் சாயம் என்று நினைத்த மனுஷன். நெசவுக்காரன் தவிர வேறு யாருக்கு அப்படித் தோன்றும்?

சாயக்காரர் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் காலைத் திருப்பிப் பார்த்தோம். அதற்குள் நாளாகிவிட்டது. கட்டுப் போட்டு, மருந்து போட்டு, ஊசி போட்டு, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுக்கப்போகிற அன்று காலையில்கூட அவர் கலங்கவில்லை. “அதுல இன்னா கீது, மரக்கட்டை மாரி. எடுத்துக்கினு போவட்டும்” என்றார். நான்தான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் அந்தப் புடவை பாதியில் நின்றிருந்தது. நாத்தனார் பழைய வேட்டி ஒன்றை எடுத்துத் தறி மேல் போர்த்திவிட்டாள். பாதிப் புடவையை வேறொருவர் உட்கார்ந்து முடிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் மிதி வேறு, அடி வேறு. ஆள் மாறிய இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும், பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது பளிச்சென்று தெரியும். பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி நல்ல மனுஷர். கல்யாணம் தையில்தான், கார்த்திகை வரைக்கும் பார்க்கலாம் என்றார். அதற்குள் இவர் உட்கார்ந்து முடிக்காவிட்டால் பாவை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், புதுப் பாவு வேறு வீட்டுக்குப் போகும். அறுத்த தறியில் இவர் மறுபடி உட்காருவார் என்று எங்களில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. அவருக்கு முதலில் இல்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் அது ஆரம்பித்தது.

“பெருவெரலு வலிக்குது” என்றார்.

“இடது காலா?”

“சோத்துக் கை பக்கம்.”

நான் போர்வையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே போர்வை சட்டென்று படுத்துவிடும். அதற்கப்புறம் வெறும் பாய்தான். “வளைஞ்சிக்கினு இருக்குது. யாரோ புடிச்சி முறுக்குற மாரி. நீட்ட முடியல” என்று பாயில் வெறும் இடத்தைக் காட்டினார்.

முதல் நாள் தலையைத் தடவிக் கொடுத்தேன். இரண்டாம் நாளும் கொடுத்தேன். ஒரு வாரம் அதே பாட்டு. வேலைக்குப் போய்வந்து, சமைத்து, ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கி, மருந்துக்கு அலைந்து, எனக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மறுபடியும் “ஐயோ பெருவெரலு” என்று குரல். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே போய் நின்று சொன்னேன்:

“டூப்பு வுடாதீங்க. ஆணி ஏறினப்போ இருந்த விரலு வலிக்கல. இப்போ இல்லாத விரலு வலிக்குதா?”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று நாள் என் கையால் சாப்பிடவில்லை. நாத்தனார் வந்து போட்டால் சாப்பிட்டார். அந்த மூன்று நாளும் அவர் வலிக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இப்போது எழுதும்போதுகூட அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். சின்னப் பெண். படிப்பு முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். மூளை ஏதாவது குழம்பிவிட்டதா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“கால் எடுத்த நிறைய பேருக்கு வரும்மா. அவருக்கு வலிக்குதுன்னா வலிக்குது. கால் போனது மூளைக்கு இன்னும் தெரியாது, அது பாட்டுக்குக் காலைத் தேடிட்டே இருக்கும்” என்றாள். அப்புறம், “நம்பலன்னு சொல்லிடாதீங்க, ரொம்ப உடைஞ்சி போயிடுவாங்க” என்றாள்.

நான் அந்த அறையை விட்டு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். வேட்டிக்குள் ஒரு கால் இருந்தது, ஒரு கால் இல்லை. பாதம் என்று ஒன்று உடம்போடு ஒட்டியிருந்த வரையில், அதற்குள் ஆணி இறங்கினாலும் அது வாய் திறக்கவில்லை. இப்போது எந்த மண்ணில் கிடக்கிறதோ, எரித்தே விட்டார்களோ, அது அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. உயிரோடிருந்த கால் பொய்யாக இருந்தது, போன கால் மெய்யாகிவிட்டது. நான் தினமும் எத்தனையோ புடவைகளை அசல், அசல் இல்லை என்று பிரித்துக் கொடுக்கிறவள். இதை எந்தப் பக்கம் வைப்பேன்? எனக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. இரண்டு பேரும் வாய்ச்சொல்லில் வீரர்கள், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஊமைகள். தோசைக்கு ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக ஊற்றினேன். வலிக்கிறது என்று அவர் சொல்லாமலே, பாயில் அந்த வெறும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

புரட்டாசியில் கால் வந்தது. சென்னையில் கால் செய்து கொடுக்கும் ஓர் இடத்தில் அளவெடுத்துச் செய்தது. அதை ஒரு பையில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நாங்கள் வந்து சேருவதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. “பொய்க்காலு வந்துடுச்சா?” என்றார் ஒருவர். “டூப்ளிகேட் காலு சூப்பரா கீதாமே” என்றார் இன்னொருவர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சந்தோஷப்பட்டுத்தான் கேட்டார்கள். ஆனால் இவர் முகம் செத்துவிட்டது. வாழ்நாள் முழுக்க எந்த ஒரு சொல்லை வீட்டுக்குள் விடாமல் காத்தாரோ, அதை இப்போது அவர் உடம்பிலேயே மாட்டிவிட்டார்கள். காலை மூலையில் சாத்தி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டார். ஊன்றுகோலே போதும் என்றார். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு மிதிப்பலகையை மிதிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாதா?

ஆயுத பூஜை அன்று தறியைத் துடைத்து, நாடாக்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த என் நாத்தனார், மூலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டுக் காலுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். நெற்றி என்று நினைத்து முட்டிக்கு நேரே வைத்தாள்.

“இன்னாம்மா பண்ற?” என்றார் இவர்.

“சாமான்தானேணா அதுவும்” என்றாள்.

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவர் சிரித்தார். நான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஐயோ, அந்தச் சிரிப்பில் மயங்கி நான் மறுபடி அடுக்களைக்குப் போயிருக்கக் கூடாது. சாமான் என்று சொல்லிவிட்டாள் இல்லையா? வீட்டுக்குள் ஒரு சாமான் வந்தால் இவர் என்ன செய்வார்? கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், காலை மடியில் படுக்க வைத்து, சவரக் கத்தியால் முன்பக்கத்து மேல்தோலை நீளமாகச் சுரண்டியிருக்கிறார். வெட்டிய கால் முனை உட்காருவதற்காக உள்ளே மெத்தை மாதிரி ஓர் உறை இருக்கும். அதன் விளிம்பில் தீக்குச்சியை வைத்துவிட்டு மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்துகொண்டிருக்கிறார். உறை உருகி, சுருங்கி, ஒரு பக்கம் கருகிப் போயிருந்தது.

“பட்டான்னு பாக்குறீங்களா?” என்று கத்தினேன்.

“உள்ள இன்னா கீதுன்னு பாக்க வேணாமா?” என்றார் அவர். செய்த வேலைக்குக் கொஞ்சங்கூட வெட்கமில்லை.

அந்தக் கருகிய உறையோடு மறுபடி சென்னை. காலைச் செய்து கொடுத்தவள் ஒரு பெண். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், பேண்ட் முழுக்க அச்சு எடுக்கும் மாவுத் தூசி. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எலி கடித்ததா என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி சார், உள்ள என்ன இருந்தது?” என்று இவரிடம் கேட்டாள்.

“கொழாய். அலுமினியக் கொழாய்” என்றார் இவர். “அதுல ஒளிவு மறைவு இல்ல. ஆனா டூப்ளிகேட் காலு தானேம்மா. இத்த வெச்சிக்கினு மிதிச்சா துணி எப்படி வரும்?”

“நாங்க டூப்ளிகேட்னு சொல்றதில்ல சார்.”

“வேற இன்னான்னு சொல்லுவீங்க?”

“லெஃப்ட்டு, இல்லன்னா ரைட்டு. உங்களுது ரைட்டு.”

அந்தச் சொல்லை அவர் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவள் அடுத்து ‘மிதிக்கிறது’ என்றால் என்ன, எப்படி என்று கேட்டாள். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையால் செய்து காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. இந்தக் காலை நடப்பதற்காகச் செய்தேன், வேலைக்கு வேறு மாதிரி வைக்க வேண்டும், அடுத்த முறை அந்தப் பலகையையே கொண்டுவாருங்கள் என்றாள். கொண்டுபோனோம். பொட்டு வைத்த மிதிப்பலகையைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் நான் ஏற்றியபோது கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அங்கே ஒரு மேஜையின் விளிம்பில் இவரை உட்கார வைத்து, கீழே பலகையை முட்டுக்கொடுத்து வைத்து, அந்தப் பெண் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒவ்வொரு மிதிக்கும் பாதத்தின் சாய்வைத் திருகித் திருகிச் சரிசெய்தாள். பிற்பகல் முழுக்கப் படுத்துக்கிடந்தாள். முன்பின் தெரியாத ஒருவரின் காலுக்காக ஒருத்தி இப்படி மண்ணில் கிடப்பாளா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஐப்பசி கடைசியில் இவர் குழிக்குள் இறங்கினார். தறி மேலிருந்த வேட்டியை நாத்தனார் எடுத்தாள். நான் தேங்காய் உடைத்தேன். அவ்வளவும் செய்தும், துணி வரவில்லை.

இடது கால் தன் பலகையைத் தானே கண்டுகொள்ளும். வலது கால் கண்ணில்லாமல் அலைந்தது. ரப்பர் பாதம் எந்தப் பலகை மேல் நிற்கிறது என்று இவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் கை நின்றுவிடும். கையைப் பார்த்தால் கால் தவறிவிடும். தவறான மிதிக்குத் தவறான நூல் எழும்பும், நாடா ஓடிவிடும், துணியில் ஓட்டை விழும். நெய்ததையெல்லாம் திரும்பத் திரும்பப் பிரித்தார்கள். நாத்தனார் அறுந்த நூல்களை முடிந்துகொண்டே இருப்பாள். இதற்கு நடுவே அந்த விரல் வேறு. குழிக்குள் இறங்கினால் முறுக்கு இன்னும் கூடுகிறது என்றார். இல்லாத விரல் மடங்கிக்கொண்டு, இருக்கிற காலை மிதிக்க விடவில்லை.

கார்த்திகை பாதி ஆனது. ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது குழியிலிருந்து வெளியே உட்கார்ந்திருந்தார். காலைக் கழற்றித் தூரத் தள்ளியிருந்தார்.

“மொதலாளிக்குப் போன் போடும்மா. வந்து பாவை அறுத்துக்கினு போவச் சொல்லு” என்றார்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். என் கண்ணில் பட்டது காலண்டர்தான்.

“நாளிக்கி அமாவாசை. அமாவாசையில போய்ப் பாவு அறுப்பாங்களா? நாளன்னிக்கி போடுறேன்” என்றேன்.

அமாவாசைக்குத் தறிக்காரர் வீடுகளில் நெய்ய மாட்டார்கள். தெருவே அன்று சத்தமில்லாமல் இருக்கும். மறுநாள் நான் லீவு போட்டுவிட்டேன். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் காலை மாட்டிக்கொண்டு மெல்ல நடந்துபோய்க் குழி ஓரத்தில் உட்கார்ந்தார். கடைசியாக ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“அண்ணா, இன்னிக்கு அமாவாசை” என்றாள், எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்த நாத்தனார்.

“நெய்யலம்மா. சும்மா மிதிக்கிறேன், அவ்ளோதான்.”

நாடா கையில் இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை. கெட்டுப்போகத் துணியும் இல்லை. மிதித்தார். பாவு எழும்பி இறங்கியது. இடது, வலது. முதலில் நொண்டி நொண்டித்தான் கேட்டது. நான் ஒரு காயை நறுக்கி முடித்து அடுத்ததை எடுத்தேன். எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, சத்தம் சமமாகிவிட்டது. வைகாசிக்கு முந்தி பதினெட்டு வருடம் நான் கேட்ட அதே சத்தம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

திடீரென்று நின்றது.

“இந்தாம்மா, இங்க வா.”

போனேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, காலை எடுத்தபோதுகூட.

“விரலு விரிஞ்சிடுச்சு” என்றார்.

“எந்த விரலு?”

“பெருவெரலு. மடங்கிக்கினு இருந்துதே. மிதிக்க மிதிக்க நீண்டுக்கினே வந்துச்சி. இப்போ பலகை மேல ஊனிக்கினு கீது.”

நான் குழியைப் பார்த்தேன். ரப்பர் பாதம்தான் பலகை மேல் இருந்தது. “பாவுக்கு அடியில எறங்கு, காலைப் புடி” என்றார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எனக்கே இடம் போதாத அந்தக் குழிக்குள் இறங்கிக் குந்தினேன். மேலே மாம்பழ நிறப் பாவு முழுக்க வெயில் இறங்கி, குழிக்குள் மஞ்சளாக வெளிச்சம். ரப்பர் பாதத்தில் விரல்களைச் செதுக்கியிருப்பார்கள். பெருவிரலைப் பிடித்து மெல்ல அமுக்கினேன்.

“பெருவெரலு” என்றார் மேலேயிருந்து.

குதிகாலை அமுக்கினேன்.

“குதிகாலு.”

ஓரத்தை, சுண்டு விரல் பக்கத்தை அமுக்கினேன். கொஞ்சம் யோசித்து, “வெளிப்பக்கம்” என்றார். அலுமினியக் குழாய் வழியாக, கருகியதற்குப் பதிலாக மாற்றிய உறை வழியாக, வெட்டுப்பட்ட முனைக்கு அந்த அமுக்கம் போய்ச் சேருகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பாதத்துக்குள் அவர் வந்துவிட்டார். மாதக்கணக்கில் பாயில் வெறும் இடத்தில் தவித்துக்கொண்டிருந்த கால், குடியிருக்க வீடு கிடைத்தது போல இதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கோயிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை. கையை எடுக்க மனசு வராமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் முதலாளிக்கு நான் போன் போடவில்லை. நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தப்பு வராமல் இல்லை. இரண்டு இடத்தில் பிரித்துப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் நாலு விரற்கடை துணி ஏறியிருந்தது. வைகாசியில் நின்ற இடத்துக்கும் இன்று தொடங்கிய இடத்துக்கும் நடுவே கோடு விழுந்திருக்கிறதா என்று நாத்தனார் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். மெல்லிசாக ஒன்று இருந்தது. “ரெண்டு தரம் அலசுனா போயிடும்ணா” என்றாள்.

சாப்பாட்டுக்கு அவர் மேலே ஏறி உட்கார்ந்தார். காலைக் கழற்றிக் கொடுத்தார். நான் முனையை ஈரத்துணியால் துடைத்து, சிவந்த இடத்தில் பவுடர் போட்டேன். நாத்தனார் கை கழுவப் போயிருந்தாள்.

“வலிக்குதா?” என்றேன்.

“இல்ல.”

அப்போதுதான் வாய் வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. தலையைத் தூக்காமல், பவுடர் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னேன்.

“அன்னிக்கி டூப்புன்னு சொல்லிட்டேன். தப்புங்க அது. நெஜமாவே வலிச்சிருக்குது உங்களுக்கு.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எப்போ சொன்ன? எனக்கு ஞாபகமே இல்லியே” என்றார்.

அது பொய். மூன்று நாள் என் கைச்சோற்றைத் தொடாத மனுஷன். சொன்ன கிழமையிலிருந்து என் கையிலிருந்த கரண்டி வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “பசிக்குது, சோறு போடு” என்றார்.